மின்கருவிகளின் ஒழுக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் பட்டிமன்றமும் உடன் வருவன. அவற்றுக்கு நடுவே, ‘மின்னணுக் கருவிகளுக்கான பாதுகாப்பு விதிகளும் மின்காந்த இணக்க விதிகளும்’ என்னும் பொருளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்குக் கட்டளையிட்டுவிட்டார். தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் இருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். அவர்களைக் குறை கூறமாட்டேன். ஆயினும் இது பொறியாளருக்கு மட்டும் உரிய பொருள் அன்று. இன்றிரவு நீங்கள் வீடு திரும்பிச் சுவரிலுள்ள பிளக்கில் கை வைக்கும்போது உங்களுக்கும் உரிய பொருளாகிவிடும். ஆகவே சிறிது நேரம் பொறுமையுடன் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நம் காலனியில் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சி ஒன்று, செட்-டாப் பெட்டி ஒன்று, வைஃபை ரூட்டர் ஒன்று, மடிக்கணினி ஒன்றோ இரண்டோ, ஆளுக்கொரு கைப்பேசி, அதற்கொரு சார்ஜர், அறைதோறும் எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர், மைக்ரோவேவ் அடுப்பு, மிக்ஸி, கீசர், கோடைக்குக் கூலர். விரல் விட்டு எண்ணினால் எண்ணிக்கை எளிதில் முப்பதைத் தாண்டும். முப்பது கருவிகள் ஒரே வீட்டில், ஒரே மின்கம்பியில் குடியிருக்கின்றன. மனிதர்கள் பலர் ஓரிடத்தில் கூடி வாழ வேண்டுமாயின் அவர்களுக்குள் சில ஒழுக்கங்கள் வேண்டும். கருவிகளுக்கும் அவ்வாறே. அந்த ஒழுக்கங்களை எழுத்தில் வகுத்து வைத்ததே நான் சொல்ல வந்த விதிகள்.

அவ்விதிகள் ஒவ்வொரு கருவியையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கின்றன. முதற்கேள்வி: உன்னைத் தொடுபவருக்கு நீ தீங்கு செய்வாயா? இரண்டாவது: உன் அயலிலிருக்கும் கருவிக்கு நீ தொல்லை கொடுப்பாயா? மூன்றாவது: அயலார் கொடுக்கும் தொல்லையை நீ தாங்குவாயா? முதற்கேள்விக்குரிய விடை பாதுகாப்பு. மற்ற இரண்டுக்கும் உரிய விடை மின்காந்த இணக்கம். பாதுகாப்பு விதி பொருளை வாங்கியவரைக் காக்கிறது. இணக்க விதி அப்பொருளை வாங்காத அடுத்த வீட்டுக்காரரைக் காக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலில் அயலாரின் தொல்லையைப் பார்ப்போம். வானொலிப் பெட்டியின் காலத்தை அறிந்த பெரியோர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இலங்கை வானொலியில் பாட்டு நடந்துகொண்டிருக்கும். அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடத் தொடங்கும். பாட்டு மறைந்து ‘கரகர’ என்ற ஒலியே மிஞ்சும். மிக்ஸியின் மோட்டாரில் கரித்துண்டு உராயும் இடத்தில் சிறுசிறு பொறிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையமே. ஆனால் அதற்கு அலைவரிசை என்ற கட்டுப்பாடு இல்லை. எல்லா அலைவரிசைகளிலும் ஒருசேரக் கூச்சலிடும்.

இத்தொல்லை உலகெங்கும் இருந்தது. 1933-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அறிஞர்கள் கூடி இதற்கென ஒரு பன்னாட்டுக் குழு வேண்டுமென முடிவு செய்தனர். 1934-இல் அக்குழு முதன்முறையாகக் கூடியது. ‘சிஸ்பர்’ என்பது அதன் சுருக்கப் பெயர். வானொலிக் குறுக்கீட்டை எங்ஙனம் அளப்பது, எந்த அளவுக்கு மேல் பொறுக்கலாகாது என்பவற்றை வரையறுப்பது அதன் பணி. இன்றும் உலக நாடுகள் பலவற்றின் விதிகளுக்கு அக்குழு வகுத்த அளவுகளே அடிப்படை.

பின்னர்க் கணினிகள் வீடுகளுக்குள் புகுந்தன. அவை அண்டை வீட்டுத் தொலைக்காட்சியைக் கலக்கவே, 1979-இல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் கணினிக் கருவிகளுக்கென விதி செய்தது. ஐரோப்பிய நாடுகள் 1989-இல் ஒரு பொது நெறியை இயற்றி, 1996 ஜனவரி முதல் நாளிலிருந்து அதைக் கட்டாயமாக்கின. அன்றுமுதல் இவ்விதிக்கு இணங்காத கருவி ஐரோப்பியச் சந்தையில் விற்பனைக்கு வருதல் கூடாது என்றாயிற்று.

“வானொலியைக் கேட்பாரே அருகிவிட்டனர், இனி இவ்விதி எதற்கு?” என்று ஓர் இளைஞர் கேட்கலாம். நல்ல கேள்வி. உண்மையில் தொல்லை குறையவில்லை, பெருகியிருக்கிறது. பழைய காலத்து மின்மாற்றி இரும்பும் செம்புமாகக் கனத்துக் கிடக்கும், ஆனால் அமைதியானது. இன்றைய கைப்பேசி சார்ஜர் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அவ்வளவு சிறிய உருவில் அது எவ்வாறு வேலை செய்கிறது? மின்சாரத்தை ஒரு விநாடிக்கு அறுபத்தையாயிரம் தடவை, ஒரு லட்சம் தடவை என்று துண்டு துண்டாக வெட்டி வெட்டி அனுப்புகிறது. வெட்டும் வேகம் 65 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதன் இருமடங்கு, மும்மடங்கு, பத்துமடங்கு எனப் பல அதிர்வுகள் உடன் பிறக்கின்றன. பத்துமடங்கு 650 கிலோஹெர்ட்ஸ். அது வானொலியின் மத்திய அலைப் பகுதிக்குள் நேரே போய் உட்காருகிறது. எல்.இ.டி. விளக்கிற்குள்ளும் பெரும்பாலும் இப்படியொரு வெட்டுங்கருவி உண்டு. ஆகவே முன்பு மிக்ஸி ஓடும் ஐந்து நிமிடம் இருந்த இரைச்சல் இன்று விளக்கெரியும் நேரம் முழுதும் இருக்கிறது. வானொலி மட்டுமா? வைஃபை, தொலைக்காட்சி, கைப்பேசி, மருத்துவமனையில் நோயாளியின் நெஞ்சில் ஒட்டிய இதயத்துடிப்புக் கருவி ஆகிய யாவும் மெல்லிய குறிகளைக் கேட்டே வாழ்கின்றன. கூச்சல் மிகுந்த இடத்தில் மெல்லிய குரல் கேட்காது.

கூச்சலை எப்படி அளப்பது? 30 மெகாஹெர்ட்சுக்கு உட்பட்ட இரைச்சல் பெரும்பாலும் மின்கம்பி வழியே ஊர்ந்து செல்லும். அதைக் கம்பியிலேயே அளப்பர். அதற்கு மேற்பட்டது காற்றில் பரவும். அதை ஆன்டென்னாவைக் கொண்டு அளப்பர். இதற்கெனத் தனி அறைகள் உண்டு. சுவரெங்கும் இரும்புத் தகடு. அதன்மேல் கூர்நுனி கொண்ட கரிநுரைக் கூம்புகள் வரிசை வரிசையாக. வெளியிலிருந்து அலை உள்ளே வராது. உள்ளே பிறந்த அலை சுவரில் பட்டுத் திரும்பாது. நடுவே சுழலும் மேசையில் கருவியை வைத்து, சிறிது தூரத்தில் ஆன்டென்னாவை நிறுத்தி, கருவி முணுமுணுப்பதைக் கேட்பர்.

வீடுகளில் பயன்படும் கருவிக்கு, 10 மீட்டர் தூரத்தில், 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையில் அனுமதிக்கப்படும் அளவு மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட். மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு. தொழிற்கூடத்துக் கருவிக்கு இதைப்போல் மும்மடங்கு அனுமதி உண்டு. முன்னதை ‘பி’ வகுப்பு என்றும் பின்னதை ‘ஏ’ வகுப்பு என்றும் கூறுவர். வீட்டிலுள்ளவர்களின் வானொலியும் தொலைக்காட்சியும் அருகருகே இருப்பதால் அங்கே ஒழுக்கம் கடுமையாக வேண்டும் என்பது இதன் கருத்து.

இனி மூன்றாவது கேள்வி. தொல்லை கொடாமை மட்டும் போதாது. தொல்லையைத் தாங்கவும் வேண்டும். 2ஜி கைப்பேசிகள் பரவலாக இருந்த காலத்தில், அழைப்பு மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்னரே அருகிலுள்ள ஒலிபெருக்கி ‘டிட்டிட்-டிட்டிட்’ என்று உறுமியது உங்களுக்கு நினைவிருக்கும். கைப்பேசி விநாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலையை அனுப்பியது. அந்தத் துடிப்பை ஒலிபெருக்கி தன்னறியாமல் ஒலியாக்கியது. குற்றம் கைப்பேசியுடையதன்று. அது தனக்கு விதிக்கப்பட்ட அலைவரிசையில்தான் பேசிற்று. கேட்கக்கூடாததைக் கேட்டது ஒலிபெருக்கியின் குறை.

தில்லிக் குளிர்காலம் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் காற்றிலே ஈரம் இருப்பதால் நாம் அறியாத ஒன்று இது. இங்கே ஜனவரி மாதத்து வறண்ட இரவில் கம்பளிச் சட்டையைக் கழற்றினால் ‘படபட’ என்று பொறி பறக்கிறது. கதவுப் பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை நாம் பெரும்பாலும் உணர்வதேயில்லை. ஆனால் நாம் உணராத அந்தப் பொறி, கருவியின் உள்ளிருக்கும் நுண்சில்லை ஊமையாக்கிவிடும். ஆகவே சோதனைக்கூடத்தில் துப்பாக்கி போன்றதொரு கருவியால் 4,000 வோல்ட்டைத் தொட்டும், 8,000 வோல்ட்டைக் காற்று வழியேயும் பாய்ச்சிப் பார்க்கிறார்கள். இடிமின்னல் காலத்தில் மின்கம்பியில் பாயும் எழுச்சியைப்போல் 1,000, 2,000 வோல்ட்டை ஒரு கணம் செலுத்துகிறார்கள். மின்னழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்திப் பார்க்கிறார்கள். இவ்வளவுக்கும் பின் கருவி தன் வேலையை மறவாதிருந்தால் அது தேறியது.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். கைப்பேசி சார்ஜருக்குள் ஒரு பக்கம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட். மறுபக்கம் குழந்தை கையில் பிடிக்கும் 5 வோல்ட். இரண்டுக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் வெற்றிடமும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும்தான். உயிர் அந்தச் சில மில்லிமீட்டரில் இருக்கிறது. ஐ.எஸ். 13252 என்னும் நம் நாட்டுத் தரம், ஐ.ஈ.சி. 60950 என்னும் உலகத் தரத்தை ஒட்டி அமைந்தது. அதன்படி வீட்டு மின்சாரத்துக்கும் தொடக்கூடிய பகுதிக்கும் இடையே அட்டையின் பரப்பு வழியே அளந்தால் வழக்கமாக 5 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். 3,000 வோல்ட்டைக் கொடுத்து ஒரு நிமிடம் வைத்தாலும் அத்தடுப்பு உடைதல் கூடாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும் பேர்வழி மெட்ரோ நிலைய வாசலில் விற்கும் பெயரில்லாச் சார்ஜர்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. அதுவும் கைப்பேசியை மின்னேற்றத்தான் செய்கிறது. குறை வெளியே தெரிவதில்லை. கொஞ்சம் ஈரமோ தூசியோ சேரும் நாள்வரை தெரிவதில்லை.

அன்பர்களே, இதுவரை நான் சொன்னவற்றில் பாதுகாப்பும் இணக்கமும் தனித்தனிப் பாதையில் செல்வன போலத் தோன்றும. ஆனால் ஓரிடத்தில் இரண்டும் மோதுகின்றன. இன்றைய பேச்சில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஓரிடமே.

உலோக மேனி கொண்ட மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டுவிட்டு விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். சில வீடுகளில் ‘விர்ர்’ என்று எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்ச்சி தோன்றும். இது எங்கிருந்து வருகிறது? சார்ஜர் வெட்டி வெட்டி எழுப்பும் இரைச்சலை வெளியே விடாமல் அதன் பிறப்பிடத்துக்கே திருப்பியனுப்ப, மின்தேக்கி என்னும் சிறு உறுப்பை வைக்கிறார்கள். கெபாசிட்டர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இரைச்சலை அடக்குவதற்காக வைத்த அதே உறுப்பின் வழியே வீட்டு மின்சாரமும் சிறிது கசிகிறது. உறுப்பைப் பெரிதாக்கினால் இரைச்சல் நன்கு அடங்கும். ஆனால் கசிவு மிகும். சிறிதாக்கினால் கசிவு குறையும், இரைச்சல் வெளியேறும். அயலாரின் அமைதிக்காகச் செய்வது தொடுபவரின் உடலுக்கு ஊறாகிறது.

விதி இங்கே நடுவுநிலைமை வகிக்கிறது. இரண்டு முனை மட்டும் கொண்ட சார்ஜரில் கசிவு 0.25 மில்லியாம்பியரைத் தாண்டக்கூடாது என்று நான் சொன்ன தரம் கூறுகிறது. 2,200 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் 230 வோல்ட்டில் கசிவது சுமார் 0.16 மில்லியாம்பியர். மனிதன் பொதுவாக உணரத் தொடங்குவது அரை மில்லியாம்பியர் அளவில். ஆகவே எறும்பு ஊர்ந்தாலும் தீங்கு இல்லை. இன்று உலகம் 62368 என்ற புதிய தரத்துக்கு மாறியிருக்கிறது. எண்கள் சற்று மாறினும் கருத்து மாறவில்லை.

மூன்று முனை கொண்ட கருவிக்கோ விதி வேறு. மேசைக் கணினி போன்ற கருவிக்கு அதே தரம் 3.5 மில்லியாம்பியர் வரை அனுமதிக்கிறது. பதினான்கு மடங்கு! ஏன் இந்தத் தாராளம்? மூன்றாவது முனை அக்கசிவை எர்த் கம்பி வழியே மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். மனித உடலுக்கு வராது என்ற நம்பிக்கையால்தான். விதியை எழுதியவர் உங்கள் வீட்டுச் சுவரை நம்பியிருக்கிறார். அச்சுவருக்குள் எர்த் கம்பி இருக்கிறதா என்பதை எந்தத் தொழிற்சாலையும் சோதிப்பதில்லை. எந்த முத்திரையும் சான்று கூறுவதில்லை.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? கருவியின் உலோகப் பெட்டி, இரண்டு கெபாசிட்டர்களின் நடுவே தொங்கி, வீட்டு மின்னழுத்தத்தில் பாதியை, அஃதாவது சுமார் 115 வோல்ட்டை எட்டும். ஒவ்வொரு கருவிக்கும் 4,700 பிக்கோஃபாரட் என்று கொண்டால் தொடுபவர் உடலில் பாய்வது 0.34 மில்லியாம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஐந்து கருவிகளைச் செருகி, அந்தப் பாக்ஸுக்கு எர்த் இல்லையென்றால், ஐந்தின் கசிவும் ஒன்று சேர்ந்து 1.7 மில்லியாம்பியராகித் தொடுபவரைத் தேடி வரும். அதே சமயம் இரைச்சலுக்கும் மண்ணுக்குப் போகும் வழி அடைபடுவதால் அது மின்கம்பியில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த ஒரு கம்பி அறுந்தால் பாதுகாப்பும் கெடும், இணக்கமும் கெடும். அது இருந்தால் இரண்டும் சமாதானமாக வாழும்.

நம் நாட்டு மூன்று முனை பிளக்கை உற்றுப் பாருங்கள். மேலேயுள்ள எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளமானது, பருமனானது. நீளம் ஏன்? செருகும்போது அது முதலில் தொட வேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். மின்சாரம் உள்ளே வருமுன் காவல் வந்துவிட வேண்டும். மின்சாரம் வெளியேறிய பின்பே காவல் போகவேண்டும். பருமன் ஏன்? மின்சாரத் துளைக்குள் தவறியும் அது நுழையாதிருக்க. இவ்வளவு அறிவை ஒரு பித்தளைத் துண்டில் வைத்தவர்களை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முனை அடாப்டரை வாங்கி மூன்றாவதை வெட்டவெளியில் விடுகிறோம். சிலர் குறடால் முறித்தே விடுகிறார்கள்.

இதன் விளைவை இந்நகரத்துக் கோடை ஆண்டுதோறும் காட்டுகிறது. தகரப் பெட்டிக் கூலர், உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் பம்பு, ஈரக் கை, வெறுங்கால். மோட்டாரின் காப்பு நைந்தால் பெட்டி முழுதும் மின்சாரம். எர்த் ஒழுங்காக இருந்தால் அக்கணமே எம்.சி.பி. விழுந்து மின்சாரம் நிற்கும். இல்லையென்றால் பெட்டி மௌனமாகக் காத்திருக்கும். தண்ணீர் ஊற்ற வருபவர் அதைத் தொடும்வரை. கூலர் மின்தாக்கி இறந்தவர் செய்தியை நாம் நாளேட்டில் பார்த்திருக்கிறோம். கசிவு 30 மில்லியாம்பியரைத் தாண்டினால் மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நன்று. ஆனால் அது எர்த்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

அடுத்து, நம் நாட்டுச் சட்டத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இந்தியத் தர நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1952-இல் தரமுத்திரைச் சட்டம் வந்தது. நாம் அனைவரும் அறிந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை அதன் வழிவந்தது. 1987-இல் அந்நிறுவனம் இந்தியத் தர அமைவனமாக, பி.ஐ.எஸ். ஆக மாறியது. பகதூர்ஷா ஜாபர் சாலையிலுள்ள மானக் பவன் அதன் தலைமையகம். மின்னணுப் பொருள்களுக்கென 2012-இல் ஓர் ஆணை பிறந்தது. மடிக்கணினி, பெரிய தொலைக்காட்சி, அச்சுக்கருவி முதலிய 15 வகைப் பொருள்கள் சோதிக்கப்பட்டுப் பதிவு பெறாமல் விற்கப்படலாகாது என்றது. பின்னர் கைப்பேசி, சார்ஜர், எல்.இ.டி. விளக்கு முதலியனவும் சேர்ந்தன. அப்பொருளின் மேல் தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தோடு கூடிய எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கும். ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டால் அது யாருடைய பதிவு என்பது தெரியும். எண்ணை அச்சடிப்பது எளிது; பதிவேட்டில் நுழைவது அரிது. ஆதலின் முத்திரையைப் பார்ப்பதோடு நில்லாமல் எண்ணைச் சரிபாருங்கள்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆணை கட்டாயமாக்கிய தரங்கள் பெரும்பாலும் மின்பாதுகாப்பைப் பற்றியவை. சார்ஜரின் மேலுள்ள பதிவெண், “இது உன்னைத் தாக்காது” என்று உறுதி கூறுகிறது. “இது அடுத்த வீட்டைத் தொல்லைப்படுத்தாது” என்று கூறவில்லை. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு மட்டும் 2019 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட சோதனையில் மின்காந்த இணக்கமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் விளக்கு அந்நாட்டு அயலாரின் அமைதிக்காகச் சோதிக்கப்படுகிறது. நம் தெருவில் எரியும் விளக்குக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குச் சிறு தொழிலதிபர்கள் தடை சொல்வார்கள். நொய்டாவிலும் பரீதாபாத்திலும் சிறு கூடம் நடத்துவோர் நம்மிலும் உண்டு. “சோதனைக் கட்டணம் கொடுத்துக் கட்டுப்படியாகுமா? பெரிய கம்பெனிக்கு அது சில்லறை, எனக்கு அது ஒரு மாதச் சம்பளப் பட்டியல்” என்பார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. விதியைக் கட்டாயமாக்கும் அரசு, சிறியோர் எட்டக்கூடிய கட்டணத்தில் சோதனைக்கூடங்களையும் அமைக்க வேண்டும். காலக்கெடுவும் தர வேண்டும். சென்னைத் தரமணியில் சமீர் நிறுவனம் பல்லாண்டுகளாக இத்துறையில் பணிபுரிகிறது. இங்கே ஓக்லாவிலும் மின்னணுப் பொருள்களைச் சோதிக்கும் மத்திய அரசுக் கூடம் உண்டு. இத்தகைய கூடங்கள் பெருக வேண்டும்.

ஆனால் செலவின் பெரும்பகுதி சோதனையில் இல்லை. காலந்தாழ்த்திச் சிந்திப்பதில் இருக்கிறது. இத்துறையில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்கிறேன். வெளியே சென்ற மின்னோட்டம் எப்படியும் திரும்பி வரும். வரும் வழியை நீங்கள் அமைக்காவிட்டால் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். அந்த நீண்ட வளையமே ஆன்டென்னாவாகிக் கூவும். ஆகவே போகும் பாதைக்கு அருகிலேயே திரும்பும் பாதையையும் முதல் வரைபடத்திலேயே வையுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை. அட்டை அச்சாகி, அச்சு வார்ப்பும் முடிந்து, சோதனையில் தோற்றபின் திருத்துவதற்கே ஆயிரமாயிரம் செலவாகிறது. பழைய கேபிள்களின் நுனியில் குண்டாக ஓர் உருளையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பது ஃபெரைட் வளையம். கேபிளில் ஏறிவரும் இரைச்சலை விழுங்குவது. அது பயனுள்ள உறுப்பே. ஆனால் சில வேளைகளில் அது, வரைபடத்தில் செய்யத் தவறியதைக் கேபிளில் கட்டிய பரிகாரமாகவும் இருக்கிறது.

இன்னொன்று. சோதனைக்கு ஒரு மாதிரியை அனுப்பித் தேர்ச்சி பெற்றபின், உற்பத்தியில் விலை குறைந்த கெபாசிட்டரை மாற்றிப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இரண்டு மின்பக்கங்களுக்கும் இடையில் நிற்கும் அந்த உறுப்பு, பழுதானால் குறுக்கே பாலமிடாமல் அறுந்து நிற்குமாறு தனியாகச் செய்யப்பட்டது. அதற்கு ‘ஒய்’ வகை என்று பெயர். அதனிடத்தில் சாதாரண உறுப்பை வைத்து மிச்சம் பிடிப்பது சில ரூபாய். அது உடைந்தால் 230 வோல்ட் நேரே கைப்பேசிக்கு வரும். முத்திரை மாதிரிக்குத் தரப்பட்டது. நம்பிக்கை ஒவ்வொரு பொருளின் மேலும் வைக்கப்படுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது கொள்முதல் மேசையில் அமர்ந்திருப்பவரின் கடமை.

தாய்மார்களே, பெரியோர்களே! முடிவாக நாம் செய்யக்கூடியவற்றைத் தொகுத்துச் சொல்லி அமர்கிறேன். சார்ஜர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் பதிவெண்ணைப் பாருங்கள். கீசரிலும் இஸ்திரிப் பெட்டியிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கினால் அதன் எர்த் துளை உள்ளே உண்மையில் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். கூலரில் தண்ணீர் ஊற்றுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தல் போதாது. அது தவறான கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால் அணைத்த பின்னும் உள்ளே மின்சாரம் இருக்கும்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். சுவருக்குள் இருக்கும் கம்பியைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்குவது இயல்பு. தனியொருவர் கேட்டால் கோரிக்கை. சங்கம் கேட்டால் அது ஏற்பாடு. ஆண்டுக்கொரு முறை, ஏப்ரல் மாதத்தில் கூலர்களை இறக்குமுன், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை நியமித்து, உறுப்பினர் வீடுகள் அனைத்திலும் எர்த்தைச் சோதித்துத் தர ஏற்பாடு செய்யலாம். அளப்பதற்கு வீட்டுக்கு அரைமணி நேரம் போதும். நாடகத்துக்கும் கச்சேரிக்கும் இவ்வளவு அழகாக உழைக்கும் நம் இளைஞர்கள் இதையும் செய்து முடிப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. விதியை எழுதியவர் நம்பிய அந்தச் சுவரை, அவருடைய நம்பிக்கைக்குத் தகுதியுடையதாக்குவது நம் கையில் இருக்கிறது.